அயர்லாந்தில் ஒரு நாள் சும்மா இருந்தோம்

1

ஜனவரி ஆறாம் தேதி எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு படம் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. படத்தில் நானும் என் தோழி பிலோமினாவும் கணப்பு எரியும் அறையில் ஆளுக்கொரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறோம். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு வெள்ளைக்காரர், பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, தட்டில் டீயும் கேக்கும் ஏந்தி எங்கள் முன்னால் குனிந்து நிற்கிறார்.

தூத்துக்குடியிலிருந்து ஐந்தே நிமிடத்தில் என் மதினியின் குரல் செய்தி வந்தது.

"ஏளா செல்வி, யாரு வீட்டு ஆம்பளளா அது? ஓட்டலா, வீடா? ஓட்டல்னா சரி. வீடுன்னா நீ என்ன மகாராணி கணக்கா உக்காந்திருக்க? எந்திரிச்சு அந்தத் தட்ட வாங்க வேண்டாமா?"

அண்ணன் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டான். சாயர்புரம் சித்தி, "பிள்ளைகளும் மாப்பிள்ளையும் எங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது என்பது நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லாமலே தெரியும். வாட்ஸாப்பில் பதில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். என் கணவர் ஜெயசிங் பஸ் ஓட்டுகிறார். மகள் ரூத்துக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மகன் ஜோயலுக்குப் பன்னிரண்டு. பசித்தால் "அம்மா", மற்ற நேரத்தில் "மம்".

ஜெயசிங்கைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்லிவிடும் மனிதருக்கு, பதினேழு வருடமாக எங்கள் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. கேட்டதும் இல்லை. நான் சொன்னதும் இல்லை.

டிசம்பர் நடுவில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மணி நேர ரயில் தூரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சி. முடித்தால் எங்கள் பிரிவுக்கே பொறுப்பாளராகத் திரும்பலாம். பிரிவில் இருபது பேர் விண்ணப்பித்தோம், எனக்குத்தான் கிடைத்தது. திங்கள் விடியற்காலை கிளம்பி வியாழன் மாலை வீடு திரும்ப வேண்டும். சம்மதமா இல்லையா என்று ஜனவரி ஏழாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சொல்லவேண்டும்.

ஜெயசிங்கிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"ஒன் இஷ்டம், செல்வி. நீ பாத்து என்னமும் செய்யி."

இந்த "ஒன் இஷ்டம்" இருக்கிறதே, வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இதோடு என்ன செய்வது? கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு முந்திரிக்கொத்துக்கு மாவு பிசையப் போனேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பதினான்கு பேர் சாப்பிட்டார்கள். நான் சாப்பிட்டது நின்றுகொண்டுதான்.

3

அயர்லாந்துப் பயணம் அதற்கு முன்பே முடிவானது. எங்கள் பிரிவில் என்னோடு வேலை பார்த்த, லீவுக்கு மட்டும் கணவரிடம் ஊருக்குப் போய் வரும் மொரீன் ஓய்வு பெற்று, அயர்லாந்தின் தெற்கு மூலையில் கார்க் பக்கத்திலுள்ள தன் கடலோர ஊருக்கே போய்விட்டாள். போகும்போது என்னையும் பிலோவையும் கட்டிப்பிடித்து, "பெண்களின் கிறிஸ்துமஸுக்கு வாங்க, ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்" என்றாள்.

அப்படி ஒன்று இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஜனவரி ஆறு. அவர்கள் மொழியில் நொல்லிக் ந மான். கிறிஸ்துமஸ் காலம் முழுக்க அடுப்படியில் வெந்த பெண்கள் அன்று ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டார்கள். சமையல், கழுவல், கூட்டல் எல்லாம் ஆண்கள். பெண்கள் கூடி டீ குடித்துக் கதை பேசுவார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் இது பழைய வழக்கமாம்.

பிலோ தருவைகுளத்துக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். "ஆறாம் தேதி மூணு ராசாக்கள் திருநாள்ளா. எங்க ஊர்ல அன்னைக்கும் நாங்கதான் மீன் கழுவுவோம்" என்றாள். அவள் கணவர் சேவியர் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் கடலில். அதனால் அவளுக்கு யாரையும் கேட்கவேண்டிய அவசியமில்லை, அன்றே டிக்கெட் போட்டுவிட்டாள்.

டிக்கெட் போட்ட பிறகுதான் விசா ஞாபகம் வந்தது. நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. பிலோ இன்னும் இந்திய பாஸ்போர்ட்டைத்தான் வைத்திருக்கிறாள். இங்கிலாந்தில் பதினைந்து வருடம் இருந்தாலும் அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு விசாவா?" என்று அவளுக்கு ஒரே கோபம். மொரீனிடமிருந்து அழைப்புக் கடிதம், வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம், காது தெரிகிற மாதிரி போட்டோ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் "பெண்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும் பண்டிகையில் ஒன்றும் செய்யாமல் இருக்க" என்று எழுதினாள். "ஏளா, தோழியைப் பாக்கன்னு எழுது, போதும்" என்று கெஞ்சினேன். மாற்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வந்தது. அந்தத் தாளைப் பார்த்தது ஒரு பொம்பளையாகத்தான் இருக்கும் என்பது பிலோவின் தீர்ப்பு.

நான் மூன்று நாள் வீட்டில் இருக்கமாட்டேன். பதினேழு வருடத்தில் முதல் தடவை. பதினோரு டப்பாவில் குழம்பும் பொரியலும் செய்து, நாள், வேளை, எத்தனை நிமிடம் சூடாக்கவேண்டும் என்று ஒட்டி, ஃப்ரீசரை நிரப்பினேன். ஜெயசிங் ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. இந்த மூன்று நாள் வீடு கவிழாமல் நின்றால் கடிதத்துக்குச் சம்மதம் என்று எழுதுவது. கவிழ்ந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவது. பிலோவிடம் மட்டும் சொன்னேன்.

"வீட்டுக்கென்ன காலா இருக்கு ஓடிப்போக?" என்றாள்.

4

ஐந்தாம் தேதி மாலை போய்ச் சேர்ந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மொரீனின் வீட்டு வாசலில் நின்றால் சின்ன மீன்பிடித் துறை தெரிகிறது. அந்த உப்பு வாசம் மூக்கில் ஏறியதும் பிலோ அப்படியே நின்றுவிட்டாள். பெட்டியை இழுத்து உள்ளே போகச் சொன்னால் கேட்கவில்லை.

மொரீனின் கணவர் டான் முப்பது வருடம் படகில் போனவர். இப்போது படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் அந்தக் கார்க் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர்கள் பேசியதை நான் தூத்துக்குடித் தமிழ் வழியாகத்தான் உங்களுக்குக் கொண்டுவர முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடற்கரை முத்துக்குப் பேர்போனது என்று மொரீன் சொல்லி வைத்திருக்கிறாள். டான் பிலோவிடம் ஆர்வமாக விசாரித்தார்.

"எங்க பாட்டனாரு முத்துக் குளிச்சவரு. ஆனா நான் முத்த கண்ணால பாத்தது நகைக்கடையிலதான்" என்றாள் பிலோ. அதற்கு டான் சிரித்த சிரிப்பில் வீடு அதிர்ந்தது. பிறகு வலை, எஞ்சின், காற்று என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

இரவுச் சாப்பாடு மொரீன் சமைத்தது. "இன்னைக்குத்தான் என் சமையல் கடைசி. நாளைக்கு எல்லாம் அவரு" என்றாள். சாப்பிட்ட பாத்திரங்களை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு எல்லோரும் படுக்கப் போனோம். எனக்கு அது பொறுக்கவில்லை. எச்சில் பாத்திரம் கிடக்கிற வீட்டில் எப்படித் தூங்குவது?

என் அம்மாவைச் சொல்லவேண்டும். அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மா எங்கள் பக்கத்து நாசரேத்தில் படித்து டீச்சரானவள். இருவரும் சம்பாதித்தார்கள். ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம், வீடு நிறைய ஆள், அப்பா தாகமாய் இருக்கிறது என்று தானே எழுந்து குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள். அப்பா குற்றவாளி மாதிரி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் செய்தது உதவி என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அவமானம் என்றுதான் பட்டது. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

5

ஆறாம் தேதி காலை பழக்க தோஷத்தில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. கீழே போனேன். பத்தே நிமிட வேலைதான் என்று நினைத்துத் தொட்டியில் கை வைத்தேன். கழுவி முடித்ததும் அடுப்பு கண்ணை உறுத்தியது. அதைத் தேய்த்ததும் தரை. பாதியில் பிலோவும் வந்துவிட்டாள்.

"நானும் நெனச்சேன். அந்த மனுசன் காலங்காத்தால எந்திரிச்சு வந்து இத்தன ஏனத்தையும் கழுவுறதாவது? நாம ரெண்டு பொம்பளைக இருக்கையில?"

ஏனம் என்றால் பாத்திரம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

விருந்துக்குப் போன வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிலோ பெட்டியிலிருந்து ரவையும் வத்தலும் தன் வீட்டுத் தொட்டிச் செடியின் கறிவேப்பிலையும் எடுத்து வந்து ஒரு சட்டி உப்புமா கிண்டினாள். ஏழு மணிக்கு அடுப்படி பளபளவென்றிருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

டான் இறங்கி வந்தார். பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டே வந்தவர் வாசலில் நின்றார். தொட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "குட் மார்னிங்" என்றார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் எஞ்சின் கொட்டகைக்குப் போய்விட்டார்.

"கூச்சப்படுதாரு" என்றாள் பிலோ.

மொரீன் வந்ததும் நாங்கள் கையைத் தூக்காத குறையாக, எல்லாம் நாங்கள்தான் என்று சொன்னோம். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் காணாமல் போனது.

"அடப் பிள்ளைகளா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஃப்ரிட்ஜ் கதவப் பாக்கலியா?"

பார்க்கவில்லை. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பென்சில் எழுத்து. ஏழு: நேற்றைய பாத்திரம். எட்டு: ஓட்ஸ் கஞ்சி. பத்தரை: டீ, திராட்சை கேக். ஒன்று: மீன். மூன்று: பெண்கள் வருவார்கள். இப்படியே போய், கடைசி வரியில் "ராத்திரி: அவள் என்ன கேட்கிறாளோ அது" என்று இருந்தது.

போன வருடம் தவிர, நாற்பது வருடமாக டான் இந்த ஒரு நாளைத் தவறவிட்டதில்லையாம். மற்ற நாளெல்லாம் படகு, துறை என்று கிடந்தவர் இந்த ஒரு நாளில்தான் மனைவிக்குச் செய்வார். போன வருடம் ஜனவரி ஆறில் மொரீன் இருதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் சேத்துச் செய்யுதேன்" என்றிருக்கிறார். ஒரு வாரமாக இந்தத் தாளை எழுதி எழுதி அழித்தாராம். முதல் வரியை நாங்கள் பறித்துக்கொண்டோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லது செய்கிறோம் என்று ஒருவர் வீட்டில் புகுந்து அவர் ஆசையாய் வைத்திருந்ததை எடுத்துத் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அந்த மனுஷரிடம் எந்த ஆங்கிலத்தில் போய்க் கேட்பது?

6

பிலோ அலமாரியைத் திறந்து தட்டுகளை எடுத்து மேசையில் பரப்ப ஆரம்பித்தாள்.

"என்னளா செய்யுத?"

"அழுக்குதானே வேணும்? ஆக்கிட்டாப் போச்சு."

பதினாறு தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உப்புமா. ஒவ்வொரு தட்டுக்கும் புதுக் கரண்டி. மொரீனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், ஆபரேஷன் செய்த இருதயமாயிற்றே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவளே எழுந்துபோய்க் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளை எடுத்து வந்தாள். அத்தனையிலும் டீ ஊற்றி ஆளுக்கொரு வாய் குடித்து வைத்தோம். நான் பால் சட்டியில் வேண்டுமென்றே பாலை அடிப்பிடிக்க விட்டேன். ஆயுசில் முதல் தடவை. கடைசியாக எல்லாவற்றையும் தொட்டியில் குவித்துவிட்டு, பிலோவும் நானும் மடியில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தோம். மொரீன் ஜன்னலைத் திறந்து, "டான், இங்க ஒரு வேலையும் நடக்கல" என்று கூப்பிட்டாள்.

டான் வந்தார். தொட்டியில் குவிந்திருந்ததைப் பார்த்தார். தட்டுகளில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டினார்.

"எட்டு மணிக் கஞ்சி எட்டே முக்கால் ஆயிடுச்சு" என்றார். "யாராவது எந்திரிச்சீங்கன்னா கடல்ல தள்ளிருவேன்."

உப்புமாவால் தொண்டை வரை நிறைந்திருந்த நாங்கள் அந்தக் கஞ்சியையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தோம். செய்த பாவத்துக்குத் தண்டனை.

அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம். அவர் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். சோப்பு நுரையில் தட்டை முக்குகிறார், அப்படியே நுரையோடு எடுத்து நிறுத்துகிறார். நல்ல தண்ணீரில் அலசவே இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான், வார்டிலும் பார்த்திருக்கிறேன். என் கை தானாக நாற்காலிப் பிடியை அழுத்தி எழுந்தது. பிலோ மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள்.

"ஏளா, கைய மடியில வையி. சோப்பு தின்னு யாரும் சாகல."

பத்தரை மணிக்கு டீயும் கேக்கும் வந்தபோது மொரீன் எடுத்ததுதான் மதினி பார்த்த அந்தப் படம். என் முகத்தில் இருப்பது மகாராணித்தனம் இல்லை, மதினி. எழுந்திருக்காமல் இருக்கப் படும் பாடு.

7

மூன்று மணிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் வந்தார்கள். மருந்துக்கடைக்காரி, பஸ் ஓட்டுகிறவள், போன மாதம் பிள்ளை பெற்றவள் என்று பலதரம். பிள்ளையை அப்பனிடம் விட்டு வந்திருந்தாள். ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்கு போன் செய்தாலோ, வீட்டிலிருந்து வரும் போனை எடுத்தாலோ எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டுப் பாடவேண்டும்.

முந்தின நாளிலிருந்து நான் வீட்டுக்கு ஒன்பது தடவை போன் பண்ணியிருந்தேன். ஆறாம் தேதி காலையிலிருந்து ஜெயசிங் எடுக்கவே இல்லை. வீடு எரிந்துபோனதா, ஜோயல் மாடிப்படியில் விழுந்தானா என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ரூத்திடமிருந்து வீடியோ அழைப்பு. பாட்டென்ன, கூத்தே ஆடுகிறேன் என்று எடுத்துவிட்டேன்.

என் அடுப்படிதான், ஆனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுவரில் மஞ்சள்பொடி. தொட்டி நிறைய ஏனம். ஜெயசிங் வியர்த்து வழிய ஒரு சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஜோயல் முகமெல்லாம் மாவு. ரூத் சிரித்துச் சிரித்து போனைப் பிடிக்கமுடியாமல் ஆடினாள்.

"அப்பா மேட் மீன் குழம்பு, மம். இட்ஸ் டெரிபிள்."

"டப்பால வச்சிருக்கேனே அத்தான், அது என்ன ஆச்சு?" என்றேன்.

ஜெயசிங் போன் பக்கம் திரும்பினார். "அது அப்பிடியே இருக்கு. மணிக்கணக்கு, நிமிசக்கணக்கெல்லாம் எழுதி ஒட்டிருக்க. படிச்சா எனக்கு ரோசம் வந்துட்டு. மூணு நாளு பிள்ளைகளுக்குச் சோறு போடத் தெரியாதவனா நானு?"

பக்கத்தில் இருந்த பிலோ விடவில்லை. "அண்ணாச்சி, பதினேழு வருசமா உப்பு டப்பா தெரியாதவியளுக்கு இன்னைக்கு ரோசமா வந்துட்டு?"

"இப்பத் தெரிஞ்சு போச்சு தாயி. மேல் தட்டுல, இடது பக்கம். ஆறு டப்பா தெறந்து பாத்தேன்."

மூவரும் மறுபடி சிரித்தார்கள். ஏதோ நடந்திருக்கிறது, அவர்களுக்குள் ஒரு கதை. எனக்குச் சொல்லாமலே போனை வைத்துவிட்டார்கள்.

சட்டப்படி நான் பாடினேன். சின்ன வயதில் வீடு வீடாகக் கேரல் ரவுண்டு போகும்போது பாடும் பாட்டு. பிலோ எனக்குத் துணையாகக் கேட்காமலே ஒரு அம்பாப் பாட்டு எடுத்துவிட்டாள், வலை இழுக்கும்போது பாடுவது. ஒன்பது பெண்களும் மேசையைத் தட்டினார்கள். அடுப்படியிலிருந்து டானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். நான் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ குத்திக்கொண்டே இருந்தது.

மழை விட்டதும் பிலோவும் நானும் துறைப் பக்கம் நடந்தோம். அவளிடம் சொன்னேன். வீடு கவிழ்ந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன், அது கவிழவில்லை. நான் இல்லாமலே அவர்கள் மூவரும் அப்படிச் சிரிக்கிறார்கள். சந்தோஷப்படாமல் எனக்கு எரிகிறதே, நான் என்ன தாய்?

பிலோ நிற்காமல் நடந்தாள். "சேவியரு மொதல்ல கப்பலுக்குப் போனப்ப ஒரு வாரம் நான் சரியாச் சாப்பிடல. பாவம், என்ன திங்காரோன்னு. அவரு போன் பண்ணி, சாப்பாடு அருமையா இருக்கு, ரெண்டு கிலோ கூடிட்டேன்னாரு. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. பாசம்னுதான் நானும் நெனச்சேன். பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் பொறாமை, பொச்சரிப்பு. ஒரு மாசத்துல சரியாப் போயிரும்."

"சரியாகலன்னா?"

"சரியாகலன்னா அந்தப் பொச்சரிப்போடயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. பொச்சரிப்பு இருந்தா ரயில்ல ஏத்தமாட்டேன்னா சொல்லுதான்?"

8

விருந்தும் மருந்தும் மூன்று நாள். ஏழாம் தேதி மத்தியானம் கார்க் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். மணி மூன்றரை. போனில் கடிதத்தைத் திறந்து சம்மதம் என்று எழுதினேன். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஜெயசிங்கைக் கூப்பிட்டேன். அவர் பதில் எதுவானாலும் அழுத்துவது என்ற முடிவோடுதான்.

"நான் அந்தப் பயிற்சிக்குப் போறேன் அத்தான். திங்கக்கெழம காலைல போனா வியாழக்கெழம சாயங்காலம்தான் வருவேன்."

"ஒன் இஷ்டம்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எத்தன மணி ரயிலு?" என்றார்.

"ஏழேகாலுக்கு நம்ம ஸ்டேஷன்."

"அப்ப வீட்டுக்கு வர எட்டாயிரும். பசிச்சு வருவ. வியாழக்கெழம மீன் வாங்கி வைக்கட்டா?"

பதினேழு வருடத்தில், ஏன், அதற்கு முன்னாலும்கூட, நான் வீட்டுக்கு வரும்போது எனக்குப் பசிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அடுத்தவர் பசிக்கு நான்தான் மணி பார்த்திருக்கிறேன். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பிலோ என் கையிலிருந்து போனை எடுத்து, "வாங்குங்க அண்ணாச்சி, வாங்குங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன மீன் வாங்க?" என்றார் ஜெயசிங்.

எந்தக் கடை, என்ன மீன், கண் எப்படி இருக்கவேண்டும், செவுள் எப்படி இருக்கவேண்டும், துண்டு எத்தனை தடிமன், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நீங்களே பாத்து வாங்குங்க" என்றேன்.

பிப்ரவரியில் பயிற்சி தொடங்கியது. முதல் வியாழன் எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையில் எனக்கு மட்டும் தட்டு வைத்திருந்தது. மற்ற மூவரும் சாப்பிட்டுவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்க்கச் சுற்றி நின்றார்கள். மீனில் சதையைவிட முள்தான் அதிகம், புளி தூக்கல், உப்பு அதற்கு மேல். நான் உட்கார்ந்தபடியே தட்டை நீட்டி இரண்டாம் தடவை சோறு கேட்டேன்.